மேக்ஸ்வெல் பாஸ் பண்ணிய விமானங்கள்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருவர் மேக்ஸ்வெலைப் பிடித்துக்கொள்வார். மச்சினன் துபாய் போகிறான், எந்தக் கம்பெனி பிளேன் நல்லது? சம்பந்தி வீட்டார் குவைத்திலிருந்து வருகிறார்கள், பிளேன் பழசாக இருந்தால் டிக்கெட்டை மாற்றிவிடலாமா? டிவியில் விமானம் பற்றி ஏதாவது செய்தி வந்துவிட்டால் போச்சு, அன்று அவர் வீடு போய்ச் சேர மதியம் ஆகிவிடும். அதே கோயிலுக்குப் பல் டாக்டர் ஒருவரும் வருகிறார். அவரிடம் யாரும் வாசலில் நின்று வாயைத் திறந்து காட்டுவதில்லை. இந்த ஊர் தன் கழுத்தில் மட்டும் ஏன் இப்படி வந்து தொங்குகிறது என்று மேக்ஸ்வெல் பல வருடமாக மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தார்.

அவர் பார்க்கும் வேலை அப்படி. பெங்களூருக்கு வெளியே, பழைய பயணிகள் விமானங்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யும் ஒரு ஹேங்கரில் அவர் இன்ஸ்பெக்டர். விடியற்காலையில் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலின் ஸ்டேஷனில் ரயிலைப் பிடித்து, கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கி, கம்பெனி வேனில் ஏறித் தூங்கிக்கொண்டே போய்ச் சேருவார். அங்கே சீட், கம்பளம், சுவர் எல்லாம் உரித்தெடுத்த விமானம் ஒன்று வெறும் தகடும் எலும்புமாகக் காத்திருக்கும்.

விமானத்தின் வயதை வருஷத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது. எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கிறது என்பதுதான் பெரிய கணக்கு. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் ஆள் மூச்சு விடுவதற்காக உள்ளே காற்றை அடைக்கிறார்கள், தகட்டு உடம்பு கொஞ்சம் உப்புகிறது. கீழே வந்ததும் சுருங்குகிறது. உப்பி, சுருங்கி, உப்பி, சுருங்கி, உலோகம் களைத்துப் போகிறது. கடைசியில், தகடுகளைப் பிணைக்கும் ஏதோ ஒரு ரிவெட் ஆணித் துளையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் பிறக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் மேக்ஸ்வெலின் பிழைப்பு. பேனா போன்ற ஒரு கருவியைத் தகட்டின் மேல் மெதுவாக நகர்த்துவார். விரிசல் குறுக்கே வந்தால் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் கோடு துள்ளும். வரிசை வரிசையாக ரிவெட்டுகள், ஒன்றைக்கூட விடக்கூடாது. ஷிப்ட் முடியும்போது கழுத்து தன்னுடையதா அடுத்தவனுடையதா என்றே தெரியாது.

கோடு துள்ளாவிட்டால் பாஸ். துள்ளினால்தான் ரகளை. நிற்கிற விமானம் யாருக்கும் சம்பாதித்துக் கொடுப்பதில்லை, அதனால் மேனேஜர் ஓடி வருவார். இன்னொரு தடவை பார் என்பார். பார்த்தாலும் துள்ளும். கருவியை மாற்று என்பார். மாற்றினாலும் துள்ளும். விமானக் கம்பெனிக்காரன் போனில் கத்துவான், மேனேஜர் அந்தக் கத்தலை அப்படியே மேக்ஸ்வெல் பக்கம் திருப்பிவிடுவார். வேண்டுமென்றே அவர்தான் போய் விரிசலைச் செய்து வைத்தது போல எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவரும் விட்டுக்கொடுக்க மாட்டார். விரிசல் மேலும் ஓடாதபடி அதன் முனையில் துளை போட்டு, வெட்டியெடுத்து, மேலே புதுத் தகடு அடித்துக் காட்டும்வரை கையெழுத்துப் போட மாட்டார்.

அந்த நாட்களில் திரும்பி வரும் ரயிலில் சீட்டாடக்கூட உட்கார மாட்டார். தினமும் எதிரில் உட்காரும் நாகேஷ் கட்டைக் கலைத்துக்கொண்டே இன்னாச்சு என்று கேட்டால், தலைவலி என்பார். வீட்டிலும் அதே கதைதான். ஒரு விமானத்தைப் பாஸ் பண்ணின நாளில் அது எந்த நாட்டிலிருந்து வந்தது, எப்படி ஜம்மென்று கிளம்பிப் போனது என்று மனைவி ரெபேக்காவிடம் வாய் ஓயாமல் சொல்லுவார். நிறுத்திவைத்த நாளில் சோறு போடு என்பதோடு சரி. திட்டு வாங்கினதை வந்து சொல்வதில் என்ன பெருமை? சுரங்கத்தில் ஷிப்ட் ஓடினால்தான் ஊர் ஓடும் என்றிருந்த ஊர் இது. வேலையை நிறுத்தினவனை யாரும் மெச்சிப் பார்த்ததில்லை.

அவரைப் படிக்கவைத்து இந்த வேலைக்கு அனுப்பியது அக்கா பாக்கியவதி. அப்பா பர்னபாஸ் சுரங்கத்தில் பாறை சரியாமல் முட்டுமரம் கொடுக்கும் வேலை பார்த்தவர். மேக்ஸ்வெல் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் உள்ளே பாறை வெடித்தது. அப்பாவைப் பிணமாக வெளியே கொண்டுவந்தபோது அம்மா பாதி ஆளாகிவிட்டார், அதற்குப் பிறகு முழு ஆளாகவே இல்லை. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அக்கா தையல் மெஷினில் உட்கார்ந்தார். கோரமண்டலில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாதிப் பேருக்குக் கிறிஸ்துமஸ் துணி அவர் தைத்ததுதான். அந்த மெஷினை மிதித்துத் தம்பியை ஐடிஐ படிக்கவைத்தார், தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார், பிறகு கட்டிக்கொண்டவரையும் சீக்கிரமே இழந்தார். மிச்சம் இருந்தது ஒரே மகள் டீனா. அவள் மஸ்கட்டில் இருந்தாள்.

பிரச்சினை அங்கிருந்துதான் வந்தது. டீனா மாசமாக இருந்தாள். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவையும் ரத்த அழுத்தம் ஏறுகிறது, படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷனுக்குப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணற்றில் வேலை, உள்ளே போனால் வாரக்கணக்கில் வெளியே வர முடியாது. அவளால் இனி இங்கே பறந்து வரவும் முடியாது. அம்மா, நீ வந்தா போதும் என்று போனில் அழுதாள். அக்காவிடம் பாஸ்போர்ட் இருந்தது, விசாவும் வந்துவிட்டது. அக்காதான் பிளேன் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

இதற்கு முழுக் காரணம் மேக்ஸ்வெல். அதை நினைத்தால்தான் அவருக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அக்கா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பழைய பிளேனெல்லாம் ஒடையாதாடா? வேறு யாராக இருந்தாலும், உடையாதுக்கா என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்திருப்பார்கள். மேக்ஸ்வெல் பாடம் நடத்தக் கிளம்பினார். சமையலறை ஜன்னலில் சுற்றியிருந்த ஒரு கம்பித் துண்டை எடுத்து, பாருக்கா, வளைச்சா ஒடையுதா, நிமித்தினா ஒடையுதா, நூறு வாட்டி வளைச்சாதான் ஒடையும், அதுக்கு முன்னாடியே நாங்க மாத்திடுவோம் என்று ஆரம்பித்தார். கம்பி இரண்டாவது வளைப்பிலேயே பட்டென்று உடைந்தது.

இது துருப்பிடிச்ச கம்பி என்றார். உங்க பிளேன்ல துரு புடிக்காதா என்று அக்கா கேட்டார். அந்த இடத்திலாவது வாயை மூடியிருக்கலாம். மேக்ஸ்வெலுக்குத் தொழிலில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. புடிக்கும், முக்கியமா கக்கூசுக்கும் சமையல் மேடைக்கும் அடியில என்றார். ரெபேக்கா அவர் காலை மிதித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தார்.

"விரிசலும் இருக்கும்கா. பழைய பிளேன்னா இல்லாமலா போவும்? எங்க கீது, எவ்ளோ வேகமா வளருதுன்னு எங்களுக்குத் தெரியும். பெருசாவறதுக்குள்ள ரெண்டு வாட்டியாவது எங்க கண்ணுல மாட்டிக்கும். செக் பண்ணிட்டுதான் விடுவோம்."

இதைவிட ஆறுதலான வார்த்தை அவருடைய தொழிலில் கிடையாது. விரிசலே இல்லை என்று நம்பி யாரும் விமானம் ஓட்டுவதில்லை. விரிசல் வரும், அது பெரிதாகும் முன் பிடித்துவிடலாம் என்ற கணக்கில்தான் உலகம் முழுவதும் பறக்கிறது. ஆனால் இந்த ஊரில் வந்து, சுரங்கத்தில் அப்பாவைக் கொடுத்தவரிடம், விரிசல் இருக்கும் ஆனால் பரவாயில்லை என்று சொல்லலாமா? இங்கே சுரங்கத்தில் பாறை விரிசலை யாரும் அளந்துகொண்டிருக்க மாட்டார்கள், சத்தம் கேட்டாலே கைவிளக்கைக் கீழே எறிந்துவிட்டு ஓடுவார்கள். இத்தனை வருடம் இதே ஊரில் இருந்தும் மேக்ஸ்வெலுக்கு அது உறைக்கவில்லை.

அக்கா உடைந்த கம்பியைக் குப்பையில் போட்டுவிட்டு வந்தார்.

"அப்பா கடைசியா சுரங்கத்துல எறங்குன அன்னைக்கும் அந்த ஆழத்து லெவல செக் பண்ணியாச்சு, பாஸுன்னுதான் சொன்னாங்க. நான் கேட்டுக்கினு நின்னேன். நீ தொட்டில்ல இருந்த."

அதன் பிறகு அக்கா அசையவில்லை. மேக்ஸ்வெல் பேசாத பேச்சில்லை. பங்காரப்பேட்டை ரோட்டில் ஆட்டோவில் போவதைவிடப் பிளேன் பத்திரம் என்றார். அப்படியானால் ஆட்டோவிலேயே மஸ்கட் கூட்டிக்கொண்டு போ என்று பதில் வந்தது. பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தார். சாமியார், ஆண்டவர் கையில் விட்டுவிடுங்கள் என்றார். அது நேராக மேலே போவதைப் பற்றிய பேச்சு மாதிரி ஆகிவிட்டது. கப்பலில் போக வழியிருக்கிறதா என்று அக்கா விசாரிக்கச் சொன்னார், மேக்ஸ்வெல் வெட்கமே இல்லாமல் அதையும் விசாரித்தார். இதற்கு நடுவில் டீனா தினமும் போன் செய்தாள். கால் வீங்கியிருக்கிறது, தலை சுற்றுகிறது, பக்கத்து ஃபிளாட் பெண் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அக்கா போனை வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பார், ஜெபமாலையை எடுப்பார். ஆனால் டிக்கெட் என்று ஆரம்பித்தால் முகம் கல்லாகிவிடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேக்ஸ்வெல் ஒருநாள் கத்திவிட்டார். ஊர் பூராவும் தன்னை நம்பிப் பிளேன் ஏறுகிறது, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நம்பிக்கை இல்லை, டீனாவுக்கு ஏதாவது ஆனால் அப்போது தெரியும் என்றெல்லாம் வாய்க்கு வந்ததைக் கொட்டினார். கடைசியாகச் சொன்னது பெரிய வார்த்தை என்று சொன்ன உடனே தெரிந்தது. அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"நீ ஏறியிருக்கியாடா?"

மேக்ஸ்வெல் ஏறியதில்லை. அத்தனை விமானங்களின் வயிற்றுக்குள் முட்டி போட்டுத் தவழ்ந்திருக்கிறார், வால் நுனி வரை போயிருக்கிறார், பறக்கும் விமானத்தில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. சந்தர்ப்பம் வரவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். சந்தர்ப்பம் வந்தது, அவர்தான் ரயிலுக்கு முன்பதிவு செய்தார். உண்மையில் அவருக்குப் பயம். தோல் உரித்த விமானத்தைத் தினமும் பார்க்கிறவனுக்கு அதன் மேல் வெள்ளை வர்ணம் அடித்துவிட்டால் மட்டும் மறந்துபோகுமா?

"சுரங்கத்துல ஆளுங்கள எறக்குற கேஜ் கூண்டுக்குக் கயிறு மாத்துனா, பாஸ் பண்ணி கையெழுத்துப் போட்டவன்தான் மொத கேஜ்ல எறங்குவான். அப்புறம்தான் ஷிப்ட் ஆளுங்க ஏறுவாங்க. நீ இன்னாடான்னா கையெழுத்துப் போட்டுட்டு ரயிலு புடிச்சு வூட்டுக்கு வந்துடற. என்னை மட்டும் ஏறச் சொல்ற."

ஒரு சுரங்கத்து மகள் இப்படித்தான் கேட்பாள், கேட்டது நியாயம்தான் என்பது மேக்ஸ்வெலுக்குத் தெரிந்தது. அந்த நியாயம்தான் எரிச்சலை இன்னும் கிளப்பியது. நானும் வரேன், போதுமா என்று கத்திவிட்டு வெளியே போனார். தெருமுனை வரை நடந்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரிந்தது.

சொன்ன வாக்குக்கு அவசரமாகப் பாஸ்போர்ட்டும் விசாவும் எடுக்க வேண்டியிருந்தது. விமான இன்ஸ்பெக்டர் சார், இப்பதான் முதல் பாஸ்போர்ட்டா என்று பாஸ்போர்ட் ஆபீஸில் இருந்தவர் கன்னடத்தில் கேட்டபோது சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். லீவு கேட்டபோது மேனேஜர், எதற்கு என்று கேட்டு, காரணத்தைக் கேட்டு, ஹேங்கர் முழுக்கச் சொல்லிவைத்தார். ரயிலில் நாகேஷ் ஜன்னல் சீட் கேட்டு வாங்கிக்கோ என்று புத்தி சொன்னான். மேக்ஸ்வெல் எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். டீனாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

ஒருவழியாக விமான நிலையம் போய்ச் சேர்ந்தார்கள். அக்கா புதுச் சேலை கட்டியிருந்தார், கையில் ஜெபமாலை, மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஏற வேண்டிய விமானம் வெயிலில் பளபளவென்று நின்றது. அதன் வயதைப் பார்த்த மாத்திரத்தில் மேக்ஸ்வெலால் சொல்லிவிட முடியும். கேட்காதே கேட்காதே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டார். அக்கா கேட்கவில்லை, கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏறும் நேரம் வந்தது, போனது. கதவு திறக்கவில்லை. மேக்ஸ்வெல் எழுந்து கண்ணாடி ஓரமாகப் போய்ப் பார்த்தார். விமானத்தின் வயிற்றுக்கு அடியில், சரக்கு ஏற்றும் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் ஏணியில் ஏறி டார்ச் அடித்து, தகட்டின் மேல் விரலை வைத்துத் தடவினான். அந்த விரல் எதைத் தேடுகிறது என்று மேக்ஸ்வெலுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. கீழே இறங்கிய அவன் போனில் யாரிடமோ பேசினான், வேண்டாமென்று தலையை ஆட்டினான். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து கையை வீசி ஏதோ சொன்னார். அவன் மறுபடியும் தலையை ஆட்டினான். பிறகு ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. தொழில்நுட்பக் காரணம், இந்த விமானம் போகாது, மாற்று விமானம் வரும்வரை பொறுத்தருள வேண்டும்.

கூட்டம் பொங்கிவிட்டது. ஒருவர் கவுண்டரைத் தட்டினார், ஒருவர் வீடியோ எடுத்தார், இதெல்லாம் ஒரு கம்பெனியா என்று நாலு மொழியில் கேள்வி பறந்தது. மேக்ஸ்வெலுக்கு அவர்கள் எல்லோரையும்விட ஆத்திரம். இத்தனை வாரப் பாடு, பாஸ்போர்ட், லீவு, கெஞ்சல், எல்லாம் வாசல்வரை வந்து மண்ணாகிவிட்டது. உலகத்தில் இத்தனை விமானம் இருக்க, இன்றைக்கு, இந்த விமானத்தில், இவர் கண் முன்னாலா இது நடக்க வேண்டும்? இனி அக்காவை எந்தக் கொம்பனாலும் ஏற்ற முடியாது. டீனா அங்கே தனியாகக் கிடக்கப்போகிறாள்.

இன்னாவாம் என்று அக்கா கேட்டார். பெட்ரோல் போட லேட்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி யோசித்தார். முடியவில்லை. தகட்டில் ஏதோ அடிபட்டிருக்கிறது, பார்த்தவன் வேண்டாமென்று சொல்லிவிட்டான் என்றார். சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராக நின்றார்.

அக்கா எழுந்துவந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். டார்ச்சுக்காரன் அங்கேயேதான் நின்றிருந்தான். இப்போது கோட்டுப் போட்டவர்கள் மூன்று பேர் ஆகியிருந்தார்கள், அவன் தலை மட்டும் அதே பக்கம்தான் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா வெகுநேரம் அவனையே பார்த்தார்.

"இத்தினி பேரு கத்துறாங்க. அப்பவும் வேணாங்கிறான் பாரு."

"அவன் வேலைக்கா அது."

"நீயும் இப்படி வேணாம்னு சொல்லியிருக்கியாடா?"

"நெறைய வாட்டி."

"எங்கிட்ட சொன்னதே இல்லியே. பாஸ் பண்ணேன், பாஸ் பண்ணேன்னுதான சொல்லுவ."

"திட்டு வாங்குன கதைய இன்னாக்கா சொல்றது."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"அன்னைக்கு அந்த லெவல்ல ஒருத்தனும் வேணாம்னு சொல்லலடா. எல்லாரும் பாஸுன்னுதான் சொன்னாங்க."

அப்பா முகம்கூட மேக்ஸ்வெலுக்கு நினைவில்லை, போட்டோவில் பார்த்ததுதான். அந்த மனிதருக்காக இந்த வயதில், இத்தனை பேர் நடுவில் அழுவோம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவமானமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. அக்கா அவர் கையிலிருந்த பையை வாங்கி மறுபடி நாற்காலியில் வைத்தார். பொட்டலத்தைப் பிரித்து, சாப்பிடு, இனி எப்ப சோறு கெடைக்குமோ என்றார்.

சாயங்காலம் வேறு விமானம் வந்து நின்றது. வரிசையில் நிற்கும்போது டீனாவின் போன் வந்தது. அம்மா வரமாட்டார் என்றே அவள் முடிவுகட்டியிருக்க வேண்டும், அழுகிற சத்தம் பக்கத்தில் நின்ற மேக்ஸ்வெலுக்கே கேட்டது. அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"மொத பிளேன் சரியில்லன்னு சொல்லிட்டாங்கடி. அழுவாத. சொல்லிட்டாங்க இல்ல, அதனாலதான் தைரியமா வரேன்."